பதில் வராமல் சுடவிடாத துவக்கு வாத்தியார்

அக்கரப்பத்தனையில் பஸ் ஏறி டயகமவில் இறங்குவதற்குள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயம் எத்தனை வருமோ, அத்தனை லயத்திலும் துவக்கு வாத்தியாரைக் கண்டு பயப்படாத மனிதர் ஒருவரும் இல்லை. நாய்கள்கூட அவரைப் பார்த்தால் குரைப்பதை நிறுத்திவிட்டு, ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்ததுபோல வேறு பக்கம் போய்விடும். இத்தனைக்கும் அவர் கையில் இருந்த துவக்கு சுடாது. அது வெறும் மரக்கட்டை. ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் ஒரு வட்டாரத்தையே நடுங்க வைத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பெயரா? இருந்திருக்கும். தாய் தகப்பன் பெயர் வைக்காமலா விட்டிருப்பார்கள்? ஆனால் நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவரும் கூப்பிட்டால் திரும்பியிருக்க மாட்டார்.

அந்தத் தோட்டத்துப் பழைய பங்களாவைக் கொழும்புக்காரர் ஒருவர் எடுத்து ஹோட்டலாக மாற்றியிருந்தார். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். சொந்த ஊர் தலவாக்கலை. எனக்குப் பேய், பிசாசு, முனி எதிலும் நம்பிக்கை கிடையாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அதைக் கேட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பங்களாவுக்குப் பின்னால், மலை உச்சியில், புல் வளர்ந்த மேடு ஒன்று உண்டு. அதற்கு வெடிமேடு என்று பெயர். மேட்டின் ஓரத்தில், குறி பார்த்துச் சுடுவதற்கான மண்தட்டுகளை ஆகாயத்தில் விசிறி எறிகிற பழைய இரும்பு மெஷின் ஒன்று நிற்கும். மேட்டுக்குக் கீழே பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலை, அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு மலை. இரண்டு மலைக்கும் நடுவில் பனி ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். வெயில் அடிக்கிற நாளில்கூட அந்தப் பள்ளம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

அந்த மேட்டின் வரலாற்றை வருகிற வெள்ளைக்கார விருந்தாளிகளுக்குச் சொல்வதற்குத்தான் வாத்தியாரை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர் தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

"லண்டன்ல துவக்கு செய்ற கம்பனி ஒண்ணு இருந்துச்சுங்க. வித்தமா காச வாங்குனமான்னு போறவனுங்க இல்ல. வாங்குனவனுக்குச் சுடத் தெரியலன்னா அது நம்ம துவக்குக்கே அவமானம்னு சொல்லி, ஊருக்கு வெளிய வெடிக்களம் போட்டு, வாத்தியார் வச்சுப் பழக்குனானுங்க. அந்த வாத்தியார்ல ஒருத்தன் கப்பல் ஏறி வந்துதான் இந்த மேட்ட வெட்டுனான். அவன் வாயால எங்க தாத்தா கேட்டுக்கிட்டாரு, தாத்தா வாயால எங்க அப்பா, அப்பா வாயால நாங்க. லண்டன் இங்கேருந்து எட்டிப் பாக்குற தூரந்தாங்க!"

நான் இதை இங்கிலீஷில் ஒரே வரியில் முடித்துவிடுவேன். அவர் விடமாட்டார்.

"நான் சொன்னது அம்புட்டு நீளம். நீ சொன்னது கட்டையா இருக்கே புள்ள? மிச்சத்த எங்க முழுங்குன?"

அவர் கையில் இருந்த மரக்கட்டைக்கும் வரலாறு உண்டு. தையற்காரர் மார்ச்சுற்றும் கை நீளமும் எடுக்கிற மாதிரி, அந்தத் துவக்குக் கம்பனிக்காரர்கள் வாங்க வருகிறவரின் கையையும் கழுத்தையும் கன்னத்தையும் அளந்துதான் துவக்கே செய்வார்களாம். அதற்கென்று நீட்டவும் மடக்கவும் கூடிய ஒரு கட்டைத் துவக்கு. தோளில் வைத்துத் திருகாணியைத் திருகினால் அந்த ஆளின் அளவு வந்துவிடும். வாத்தியார் அதைத் தூக்கிக்கொண்டு ஊரையே அளந்தார். கோயில் திருவிழாவில் அளந்தார். பஸ் தரிப்பிடத்தில் அளந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தாலி கட்டுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அளந்தார்.

அதற்குள் ஒரு சமாசாரம் நடந்திருந்தது. தேயிலை ஸ்டோர் காவற்காரரை அவர் ஒரு திருவிழாவில் அளந்தார். காவற்காரர் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான். 'வாத்தியாரு அளவெடுத்துட்டாராம்' என்றால் எந்தப் பெட்டிக்கு அளவு என்று ஊருக்கே புரிந்துவிட்டது. அதனால் கல்யாண வீட்டில் பெண்ணின் தாய் மணவறைக்கே ஓடிவந்து அலறினாள்.

"ஐயோ வாத்தியாரே, கும்புடுறேன்! எம்மாப்புள்ளைய அளக்காதீங்க!"

"கைய பாத்தேம்மா. நல்ல கை, நீளக் கை. எரநூறு பவுன் போட்டாலும் இப்பிடி ஒரு கை கெடைக்காது."

அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். காவற்காரருக்கோ ஏற்கெனவே நெஞ்சு வருத்தம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் எல்லோருக்கும் உபதேசம் செய்தேன். ஆனால் ஒருநாள் கட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் என் மேசைப் பக்கம் வந்தபோது, நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

தலவாக்கலையிலிருந்து வருகிற பஸ்ஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பனி என்றால் அப்படி ஒரு பனி, முன்கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை. ஒடுக்கமான வளைவு ஒன்றில் வாத்தியார் எழுந்து டிரைவர் தோளைத் தட்டினார்.

"தம்பி, ஹாரன் அடி. பதில் வரட்டும். பொறவு போ."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கத்தினார்கள். "யோவ் பெருசு, இது என்ன உங்க வெடிமேடா?" என்றார் கண்டக்டர். அந்த நேரம் பார்த்து வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஹாரன் கேட்டது. பழைய லொறி ஹாரன், அடித்தொண்டையில். டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். வழி விட்டுக் காத்திருந்தோம். லொறி வரவில்லை. காத்திருந்தோம். வரவே இல்லை. கடைசியில் கண்டக்டர் இறங்கி, வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ரோடு வெறிச்சென்று கிடந்ததாம்.

"எங்க பெருசு வண்டி?" என்றார்.

"போயிருச்சு. நாம வழி விட்டோம்ல?" என்று சொல்லிவிட்டு வாத்தியார் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு டயகம வரைக்கும் அந்த பஸ்ஸில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் எங்கள் விருந்தாளிகள் சுடப் பழகினார்கள். துவக்கு அனுமதி ஒன்றும் அப்போது ஹோட்டலுக்கு இல்லை. ஆகவே எல்லாம் கட்டைத் துவக்கில்தான். காலை அகட்டி நிற்க வேண்டும், கன்னத்தைக் கட்டையோடு ஒட்ட வேண்டும். "துவக்கப் பாக்காத, தட்டப் பாரு. கண்ணு போற எடத்துக்குக் கை தானா போகும்." தட்டு பறக்கும். விருந்தாளி குறி பார்த்து வாயாலேயே 'டுமீல்' என்பார். பட்டதா படவில்லையா என்று வாத்தியார்தான் தீர்ப்புச் சொல்வார்.

"படல."

தோட்டாவே இல்லாமல் படவில்லை என்று எப்படித் தெரியும் என்று ஒரு ஜெர்மன்காரர் சண்டைக்கு வந்தார். "பட்டிருந்தா தட்டு சொல்லியிருக்கும்" என்றார் வாத்தியார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். ஜெர்மன்காரர் சிரித்து ஓயவில்லை. அவருடைய மனைவி, ஒரு வார்த்தை பேசாத அம்மா, முன்னால் வந்து கட்டையை வாங்கி, தோளில் வைத்து, பறந்த தட்டையே பார்த்தார். 'டுமீல்' என்றுகூடச் சொல்லவில்லை. தட்டு ஆகாயத்தில் பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது.

பழைய தட்டு, மெஷின் அடித்த வேகத்தில் விரிசல் விட்டிருக்கும் என்று மெனேஜர் ஐயா விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஜெர்மன்கார அம்மா கட்டையைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "சரியாப் பாத்தீங்கம்மா, அதான்" என்று வாத்தியார் அடுத்த தட்டை எடுக்கப் போனார்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். மெனேஜருக்குத் தாங்க முடியாமல் போனது தப்பு மேளம்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் காலை வேலைக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். வெடிமேட்டிலும் அதேதான். சுடுவதற்கு முன்னால் மேட்டிலிருந்து மூன்று அடி அடிக்க வேண்டும். கீழே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பதாக அர்த்தம். எதிர் மலை அடிவாரத்தில் இன்னொருவர் தப்போடு நிற்பார். அவர் தேயிலைக்குள் நடந்து, ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டு அடி, கொஞ்சம் விட்டு இன்னொரு அடி என்று திருப்பி அடிப்பார். அதுதான் பதில். பதில் வராமல் துவக்கைத் தோளுக்கு ஏற்றக் கூடாது. லண்டன்காரர் கொண்டுவந்த முறை கொடி ஆட்டுவதாம். இந்தப் பனியில் கொடியை ஆட்டினால் ஆட்டுகிறவருக்கே தெரியாது. கொடியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தப்பை வைத்தது நம் ஆட்கள்தான்.

எதிர்ப்பக்கம் நின்று பதில் அடித்தவர் வாத்தியாருடைய அண்ணன். வாத்தியார் இளந்தாரியாக இருந்த காலத்தில் ஒருநாள், தோட்டத்து வெள்ளைக்காரச் சின்ன தொர ஒருவர், பதில் வருமுன்னே பனிக்குள் சுட்டார். அண்ணன் அப்போது கீழே தேயிலைக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வரும்போதே உயிர் இல்லையாம். அன்றோடு மேட்டில் வெடிச் சத்தம் நின்றுபோனது. இதைக் குசினியில் வேலை செய்த செல்வம்தான் எனக்குச் சொன்னான், அதுவும் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு.

அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்தில் யாரும் நின்றதில்லை. ஆனால் வாத்தியார் மேட்டிலிருந்து கேட்பதை விடவில்லை. கட்டைத் துவக்குதானே என்று சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். மூன்று அடி அடித்துவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பார். விருந்தாளிகளும் நிற்பார்கள். சில நாள் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம். சில நாள் பகல் சாப்பாடே ஆறிப்போகும். பிறகு திடீரென்று முகம் மலரும். "ஆங், வந்துருச்சு. தட்ட விடுங்க."

எங்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

"மிஸ், அந்த மனுசன்கிட்ட நீங்களாவது சொல்லுங்க. கெஸ்ட் எல்லாம் குளிர்ல வெறைச்சுப் போறாங்க. அந்தப் பக்கம் பதில் சொல்ல யாரு இருக்கா?" என்று மெனேஜர் ஒருநாள் என்னிடம் பொரிந்தார்.

"நீங்களே சொல்லுங்களேன் சார்."

"சொன்னேன். 'இப்பதானே அடிச்சான், சாருக்குக் கேக்கலையா?'ன்னு என்னையே கேக்குறாரு."

"கேட்டுச்சா சார்?"

மெனேஜர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "அந்த நேரம் பாத்து என்னோட போன் அடிச்சிருச்சு" என்றார்.

நல்ல மனிதர் அவர். அவசரம்தான் அவருக்கு வியாதி. அந்த வியாதிக்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். இன்னொரு தப்பு வாங்கிச் செல்வத்திடம் கொடுத்து, எதிர் மலையில் போய் நின்று, கேள்வி கேட்டதும் உடனே பதில் அடிக்கச் சொன்னார். முதல் நாள் மூன்று அடி விழுந்தது. விழுந்த கையோடு எதிர்ப்பக்கமிருந்து பதிலும் வந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். வாத்தியார் முகம் கறுத்துப்போனது.

"இது யாரு? குசினிக்காரப் பயலா?"

"எப்பிடி வாத்தியாரே?" என்றேன்.

"கொத்து ரொட்டி போடுற கை புள்ள இது. கேட்டுப் பாரு, முட்டை ஊத்துற எடம்கூடத் தெரியுது."

அதற்குப் பிறகு எனக்கும் அது கொத்து ரொட்டியாகவே கேட்கத் தொடங்கிவிட்டது. பசி வேறு வந்தது.

இந்த நிலைமையில்தான் முதலாளி கொழும்பிலிருந்து வந்தார். உண்மையான துவக்குக்கு அனுமதி எடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை காலை வெடிமேடு திறப்பு, முதல் வெடி அவருடையது. எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி நேரடியாகவே சொன்னார். "இந்த வெடிமேடு ஓடுனா ஹோட்டல் ஓடும். இல்லாட்டி நான் பூட்டிட்டு வேற யாருக்காச்சும் குடுத்துட்டுப் போயிருவேன்." எங்கள் எல்லோருடைய வேலையும் அந்த ஒரு வெடியில் தொங்கியது. என் தம்பி அப்போதுதான் படிப்புக்காகக் கண்டியில் அறை எடுத்திருந்தான். வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான்.

ஞாயிறு காலை, நாள் பார்த்து வைத்தாற்போலப் பனி. மேட்டில் நின்றால் மெஷின் தெரிந்தது. மெஷினுக்கு அப்பால் உலகமே இல்லை. முதலாளி பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்தார். வாத்தியார் பாடம் எடுத்தார். அன்றைக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும்! பித்தான் போட்ட கோட்டு, தலையில் தொப்பி, முதுகு நிமிர்ந்து, குரலில் ஒரு கணீர்.

"கால அகட்டுங்க முதலாளி. கன்னத்த ஒட்டுங்க, பயப்படாதீங்க, கடிக்காது. சரி. இப்ப எறக்கி வைங்க. கேட்டுட்டுச் சுடுவோம்."

தப்பைத் தோளில் மாட்டி மூன்று அடி அடித்தார். அடித்த கையை எடுக்கவில்லை, அதற்குள் பதில் வந்தது. கொத்து ரொட்டி. கேட்ட திசையும் ஒரு மாதிரியாக இருந்தது, எதிர் மலைப் பக்கமே இல்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் செல்வம் எங்களுக்குப் பின்னாலிருந்து பெட்டிஸ் பலகாரத் தட்டோடு வந்து நின்றான்.

"செல்வம், நீ கீழ போனியா?" வாத்தியார் மெதுவாகத்தான் கேட்டார்.

"பனிங்க வாத்தியாரே... குசினிக்குப் பின்னால நின்னே..."

"தேயிலைக்குள்ள ஆள் இருக்கா இல்லையான்னு பாத்தியா?"

"பாக்கலங்க."

"யாரு இருப்பா? இன்னைக்கு ஞாயித்துக்கெழம, வேலையே இல்லையே" என்றார் மெனேஜர்.

"ஞாயித்துக்கெழமதான் சார் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க வருவாங்க. யாருக்கும் சொல்லிட்டு வரமாட்டாங்க."

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே ஒரு வெடி. மேல பாத்துத்தான் சுடப்போறேன். என்ன ஆகும்? போட்டோ எடுக்கிறவன் நிக்கிறான். நீங்க தள்ளுங்க பெரியவரே."

வாத்தியார் தள்ளவில்லை. கட்டைத் துவக்கை என் கையில் கொடுத்தார். தப்பைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். மேட்டு விளிம்பில் காலை வைத்தார்.

"எங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"பாக்க ஆள் இல்லாட்டி நான்தானே போயிப் பாக்கணும்?"

இரண்டு எட்டு வைத்ததும் பனி அவரை இடுப்பு வரை எடுத்துக்கொண்டது. அடுத்த எட்டில் தொப்பியையும் எடுத்துக்கொண்டது. பிறகு தப்புச் சத்தம் மட்டும்தான். டம், டம் என்று அடித்துக்கொண்டே இறங்குகிறார். ஆள் கீழே நடக்கும்போது துவக்கைத் தூக்க யாருக்கு மனசு வரும்? முதலாளியைக் கட்டிப்போட்டுவிட்டார் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. சத்தம் முதலில் நேர் கீழே கேட்டது. பிறகு இடது பக்கம், வெகு தூரத்தில். பிறகு எப்படி என்று தெரியவில்லை, எங்கள் முதுகுப் பக்கம். போட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பங்களாச் சுவர்தான் இருந்தது. மறுபடி கீழே, இந்த முறை மண்ணுக்கு அடியிலிருந்து வருவதுபோல மொத்தையாக. அப்புறம் நின்றுவிட்டது.

நின்றது நின்றதுதான். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. தேயிலை இலையில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கால் இரண்டும் குளிர்ந்து, கையில் இருந்த கட்டை கனக்கத் தொடங்கியது. விழுந்துவிட்டாரா, வழி தவறிவிட்டாரா, வயதான மனிதர் ஆயிற்றே, முருகா முருகா என்று மனசு அடித்துக்கொண்டது.

"அவரு அந்தப் பக்கம் ஏறிப் போயிருப்பாரு" என்றார் முதலாளி. துவக்கை எடுத்தார். காலை அகட்டினார். கன்னத்தை ஒட்டினார். பாடம் நன்றாகத்தான் ஏறியிருந்தது. "தட்ட விடுங்க மெனேஜர்."

மெனேஜர் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். மெஷின் கைப்பிடியில் கை வைத்தார்.

"சுடாதீங்க! ஆள் இருக்கு! கீழ ஆள் இருக்கு, எறக்குங்க துவக்க!"

அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. டயகம வரைக்கும் கேட்டிருக்கும். செல்வம் கையில் இருந்த பெட்டிஸ் இரண்டு கீழே விழுந்தன. முதலாளி துவக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் என் சம்பளம், தம்பி படிப்பு, கண்டி அறை எல்லாம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. போனால் போகட்டும் என்று அப்படியே அவருக்கு முன்னால் நின்றேன்.

அந்த நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு அடி. கொஞ்சம் விட்டு ஒரு அடி. கொத்து ரொட்டி இல்லை, நிறுத்தி நிதானமான அடி.

"பாருங்க, ஏறிட்டாரு. ஆள் இல்லையாம். இப்ப நீங்க தள்ளுவீங்களா மிஸ்?" என்று முதலாளி மறுபடி துவக்கைத் தூக்கினார்.

இன்னொரு பதில் வந்தது.

இரண்டு அடி. கொஞ்சம் விட்டு ஒரு அடி. எதிர் மலையிலிருந்து இல்லை. எங்கள் காலடியில், மேட்டுக்கு நேர் கீழே, பனிக்குள், கிட்டத்தில். இன்னும் மெதுவாக, களைத்துப்போன கை அடிப்பதுபோல.

நான் செல்வத்தைத் திரும்பிப் பார்த்தேன், தட்டோடு அங்கேயேதான் நின்றான். அவனுடைய தப்பு குசினிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பிறகு நானே போய்ப் பார்த்தேன். "எதிரொலி" என்றார் மெனேஜர். எனக்குத் தெரிந்த எதிரொலி உடனே வரும். இது ஒரு ஆள் ஒரு பெட்டிஸைத் தின்று முடிக்கிற நேரம் கழித்து வந்தது.

முதலாளி துவக்கைப் பெட்டிக்குள் வைத்தார். பூட்டுவதற்குச் சாவித் துவாரம் அகப்படவில்லை. வரவேற்பறைக்கு வந்து சீனி போடாத பிளேன்டீ குடித்தார். இரண்டாவது கோப்பையையும் முடித்துவிட்டுச் சொன்னார். "இந்த எடத்துல வெடி வேணாம். ஒரு காலத்துலயும் வேணாம்." எங்கள் வேலைக்குச் சங்கு என்று நினைத்தேன். வியாபாரி அல்லவா, கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். "ஆனா அந்தத் தப்பு இருக்கட்டும். கட்டையும் இருக்கட்டும். வெள்ளைக்காரன் இதுக்குத்தான் தேடி வருவான்" என்று சொல்லிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கொழும்புக்குக் கிளம்பிவிட்டார். போட்டோக்காரர் அவருக்கு முன்னாலேயே காரில் ஏறியிருந்தார்.

வாத்தியார் ஏறி வந்தபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. கோட்டு முழுக்க ஈரம், காலெல்லாம் இரத்தம் குடிக்கிற அட்டை. குசினிப் படியில் உட்கார வைத்து நான் சவுக்காரக் கட்டியைத் தேய்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"கீழ ஒருத்தரும் இல்ல. நாலு பக்கமும் பாத்துட்டேன், வெறுங்காடு. பதில் ஒரு தடவதான் அடிச்சேன்" என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று இழுத்து, "மேல... எத்தன பதில் கேட்டுச்சு?"

"ரெண்டு."

"உனக்குமா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு. மொதலாளி சீனியில்லாம தேத்தண்ணி குடிச்சிட்டு ஓடிட்டாரு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கோ அதுவரை அடக்கி வைத்த பயமெல்லாம் கோபமாகப் பொத்துக்கொண்டு வந்தது.

"கூறு கெட்ட மனுசனா நீங்க? துவக்குக்கு முன்னால போவக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிட்டு, நீங்களே போயி நிப்பீங்களா? அந்த ஆளு சுட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"சுட்டிருக்க மாட்டாங்க புள்ள."

"அதெப்பிடி உங்களுக்குத் தெரியும்?"

"நீ மேல நிக்கிறியே."

கடைசி அட்டையும் என் கையோடு கழன்று வந்தது. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எங்கண்ணன் கீழ போனப்ப, தொரைக்குப் பக்கத்துல மேட்டுல நின்னது நான்தான். பதில் வரலன்னு எனக்குத் தெரியும். தொர துவக்க ஏத்துறாரு, பாத்துக்கிட்டு நிக்கிறேன். 'வேணாங்க தொர'ன்னு ஒத்த வார்த்த சொல்லியிருக்கலாம். தொரைக்கிட்ட போயி எப்பிடி சத்தம் போடுறதுன்னு வாய் வரல புள்ள. இன்னைக்கு அந்தப் பள்ளத்துக்குள்ள நிக்கும்போது உன் சத்தம் கேட்டுச்சு. கேட்டுட்டு அப்பிடியே தேயிலைக்குள்ள உக்காந்துட்டேன்."

காலில் அட்டை ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் சவுக்காரம் தேய்க்கிற சாக்கில் அந்தக் காலை நான் வெகுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.